பவர்லூம் பாஞ்சாலை

எங்கள் தெருவில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், சுடுகாடு வரைக்கும் கூடவே வரும். ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் ரேஷன் கடைக்கு மட்டும். பாஞ்சாலையக்காவுக்கு அப்படி ஒரு பெயர் விழுந்தது என் பிரவுசிங் சென்டரில், 2007ஆம் வருஷம்.

அக்கா கைத்தறியில் முகூர்த்தப் பட்டு நெய்பவள். நெய்து முடித்த புடவையின் போட்டோவைச் சென்னைக் கடைக்கு மெயில் அனுப்ப வந்திருந்தாள். பக்கத்து சிஸ்டத்தில் வீரபாகு. அவளுக்கு மாமா முறை, சொந்தமாக பவர்லூம் ஓட்டுகிறவர். 'நீ மனிதன் என்று நிரூபி' என்று ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தார். அதில் ஒரு கட்டம் எல்லாரையும் கவிழ்க்கும். சிவப்பு வட்டம் எப்போது பச்சையாகும் என்று தெரியாது. ஆனவுடனே மௌசை அமுக்க வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. தாளம் போட்ட மாதிரி ஒரே சீராக அமுக்கினால் நீ இயந்திரம் என்று சொல்லிவிடும்.

மாமா ஜெயித்துவிட்டார். "நீ ஆடேன் பாஞ்சால, தறி ஓட்டற கைதானே" என்று மௌசைத் தள்ளினார்.

அக்கா ஆடினாள். திரையில் வந்ததை மாமா வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. "மிஷினாம்பா! நம்ம பாஞ்சால பவர்லூமாம்!"

மறுநாள் பக்கத்து ஊர் முள்ளிப்பட்டிலிருந்து வந்த ஆள் ஒருவன் டீக்கடையில், "பவர்லூம் பாஞ்சால வூடு எது?" என்று விசாரித்தான். கைத்தறிக்காரிக்கு இதைவிடக் கெட்ட பெயர் உண்டா? வியாபாரி காதில் விழுந்தால், இவள் புடவையே கைத்தறி இல்லை என்று நினைத்துவிடுவானே.

அக்கா நேராக என்னிடம் வந்தாள். "பவர்லூம் ஓட்டறவரு மனுசனாம், கையால நெய்யறவ மிஷினாம். இன்னா நியாயம்டி தீபா இது? அந்த ஆட்டத்த தொற."

ஆடினாள், தோற்றாள். தினம் மத்தியானம் வந்து தோற்றாள். பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

"வுட்டுடுக்கா, பேஜாரு."

"நான் வுட்டா பேரு வுடுமா?"

ஒருநாள் திடீரென்று திரை அணைந்தது. மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ் சுவிட்சை அவள் கால் மிதித்திருந்தது. "காலை வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா?" என்று கத்திவிட்டேன்.

அக்கா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எங்கடி மிதிச்சேன்? அது தானா மிதிக்குது."

குழித்தறியில் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்தால் முதலில் கால் மிதிபலகையை மிதிக்கும், அந்தக் கணக்குக்குத்தான் கை, ஊடுநூல் கொண்டோடும் நாடாவை விடும். கால் கீழே தொங்கினாலே அவள் கைக்குத் தறி ஓட ஆரம்பித்துவிடுகிறது. பிறகு பச்சையாவது சிவப்பாவது.

செருப்பை உதறினாள். இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி, பந்தியில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டாள். "மாமாவைக் கூப்புடு."

"ஒருவாட்டி ஆடிப் பாத்துட்டு கூப்புடலாமே?"

"சாட்சி இல்லாம ஜெயிச்சா பேரு போவாதுடி."

மாமா பாதி டீக்கடையோடு வந்தார். வட்டம் சிவந்தது. அக்காவின் கால்விரல்கள் புடவைக்குள் சுருண்டன. கை அசையவில்லை. பச்சை. அமுக்கினாள். மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. கடைசி வட்டம் சிவப்பிலேயே நின்றது. "அமுக்கு, அமுக்கு" என்று மாமா காதோரம் கிசுகிசுத்தார், கெடுக்கத்தான். அவள் திரும்பவே இல்லை. பச்சையானதும்தான் விரல் இறங்கியது.

நான் வாசிக்க வாயெடுத்தேன். அக்கா தடுத்தாள். "நீங்களே படிங்க மாமா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

மாமா தொண்டையைச் செருமினார். "நீ மனிதன்னு போட்டுக்கீது."

"மனிதன் இல்ல மாமா, மனுஷி."

"சரிம்மா, மனுஷி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடையே சிரித்தது.

இப்போது எங்கள் தெருவில் பாஞ்சாலை வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். மனுஷி வீடு என்று கேளுங்கள், வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.