மேடம் கேட்ட கேள்விகள்

இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முதல் அடி விழுந்த சத்தத்துக்கே அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். காதைப் பொத்தவில்லை, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எங்கள் லைன் மொத்தமும் சிரித்தது. வடகிழக்கு மலைப்பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் காண்ட்ராக்டர் நடத்திய விடுதியில் என் அறைக்குத்தான் அவளை அனுப்பினார்கள். ஊரில் கலவரம் வந்தபோது விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தன் வீடு எரிவதைப் பார்த்தவள் என்பதை அவள் கொஞ்சம் தமிழ் பழகிய பிறகே தெரிந்துகொண்டேன். அன்று சத்தம் வெளியே வராமலிருக்க அவள் அம்மா அவள் வாயைப் பொத்தியிருந்தாராம். அந்த அம்மா தப்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வு மேடம் விடுதிக்கு வந்தார். கலவரத்திலும் போரிலும் ஊரை இழந்து வந்தவர்கள் வேலையிடத்தில் எப்படித் தேறுகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா, திடீர்ச் சத்தத்துக்குப் பயம் உண்டா என்று பொறுமையாகக் கேட்பார். என் அறைத்தோழி முதலில் வாயே திறக்கவில்லை. "உண்மையைச் சொன்னாத்தான்மா உங்களுக்கு ஏதாவது செய்ய வைக்க முடியும்" என்றார் மேடம். அதன்பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

மேடம் வாக்குத் தவறவில்லை. நிர்வாகத்திடம் பேசி, அவளையும் அவள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் சிலரையும் பிரஸ் ஷாப்பிலிருந்து வயர் கட்டும் பிரிவுக்கு, பகல் ஷிப்டுக்கு மாற்ற வைத்தார். சில வாரங்களிலேயே அவள் முகம் தெளிந்தது. தட்டில் சோறு மிச்சம் வைப்பதில்லை. வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு என்னோடு வந்து, வாசலில் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். மாற்றத்தால் பலன் உண்டு, இப்படிப்பட்டவர்களைப் பிரஸ் ஷாப்பில் போடக் கூடாது என்று மேடம் அறிக்கை கொடுத்தார். யார் பெயரையும் அதில் எழுதவில்லை.

பெயர் தேவைப்படவில்லை. ஆதார் அட்டையில் ஊர் இருந்தது. ஒரு காலை கம்பெனி பஸ்ஸில் ஏறப்போன அவளையும் மற்றவர்களையும் இனி வேலை இல்லை என்று சூப்பர்வைசர் இறக்கிவிட்டார். வேலை போனால் விடுதியும் போச்சு; மாலைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு ஊர் இல்லாதவள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நான் பொய் சொல்லணுமா அன்னிக்கு?"

செய்தி தெரிந்து மேடம் ஓடிவந்தார். விடுதி வாசலிலேயே காண்ட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு, "நான் அதுக்காகவா எழுதினேன்?" என்று கத்தினார். காண்ட்ராக்டர் குரலையே உயர்த்தவில்லை.

"இன்னா மேடம், நீங்கதானே எழுதிக் குட்த்தீங்க? இந்தப் பொண்ணுங்கள பிரஸ்ல போடாதீங்கன்னு. நாங்க எங்கியுமே போடல. இன்னும் இன்னா வோணும்?"

மேடம் அங்கேயே அழுதார். அவள் அழவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பெண்களோடு சென்னை பஸ்ஸில் ஏறினாள். சில நாட்களில் அவள் போன் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

ஆள் பற்றாக்குறை வந்ததால், இந்த வருடம் அதே மலைப்பக்கத்திலிருந்து மறுபடி பெண்கள் வந்திருக்கிறார்கள். எல்லாரும் பிரஸ் ஷாப்பில்தான். மேடமும் தொடர் ஆய்வுக்காக வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். மனப்பாடம் செய்த தமிழில் பதில் வந்தது.

"நல்லா தூங்குறேன் மேடம்." "பயம்லாம் ஒண்ணும் இல்ல மேடம்." "ஊர்ல எல்லாம் நல்லாக் கீது."

மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தேன். மேடம் குனிந்து, அவர்கள் சொன்னதை அப்படியே பதிந்துகொண்டார்.