பீரோவுக்குள் இருந்த அசல்

பிரான்ஸ் ஆய்வுக்கூடம் கேட்ட ஆவணங்கள் ஏழு. பட்டியல் போட்டு, கிடைத்தவற்றுக்கு எதிரே டிக் அடித்து வந்தேன். ஆறு முடிந்தன. ஏழாவது என் எம்.டெக். சான்றிதழின் அசல். விசாவுக்கு அதை நேரில் காட்ட வேண்டும். அது மூலக்குளத்தைத் தாண்டி, நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியின் அலுவலகத்தில், ஓர் இரும்பு பீரோவுக்குள் இருந்தது.

வேலையில் சேரும் நாளில் அசலை ஒப்படைக்க வேண்டும். வேலையை விட்டால்தான் திரும்பக் கிடைக்கும். எங்கள் கல்லூரியில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம் அது. நானும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

அந்த ஆய்வுக்கூடத்தில் வந்த வாய்ப்போ, சொந்த நாட்டில் ஆசிரியராக இருக்கும் இளம் கணினி ஆய்வாளர்களுக்கு மட்டுமானது. ஆறு மாதம், டிசம்பர் முதல் மே வரை. வேலையை விட்டால் அசல் வரும், வாய்ப்பு போய்விடும். விடாவிட்டால் வாய்ப்பு இருக்கும், விசா கிடைக்காது. இந்த இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரி வரவில்லை.

புதுச்சேரி முதலியார்பேட்டையில், எங்கள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பிரான்ஸ் என்றால், அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு வரும் பென்ஷன். வேறு எதற்காகவும் ஒருத்தி அங்கே போவாள் என்று யாருக்கு விளக்குவது?

கல்லூரி முதல்வரிடம் போய் ஆறு மாத விடுப்பும் அசலும் கேட்டேன். அவர் கடுமையானவர் அல்ல. உட்காரச் சொல்லிவிட்டு, "போறது சரிம்மா. திரும்பி வருவீங்கன்னு யாரு கையெழுத்து போடுவா?" என்றார். அதற்கென்று ஒரு படிவமே இருந்தது. உடன் வேலை செய்பவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நான் வந்து சேரும்வரை அவருடைய அசலும் வெளியே போகாது.

ஐந்து பெயர்கள் எழுதினேன். நான்கை அடித்தேன். மிஞ்சியது பக்கத்து மேசை அக்கா. சென்னைக் கல்லூரி ஒன்று அவரை ஜூனில் வந்து சேரச் சொல்லியிருந்தது. அதனால் அவரையும் அடித்தேன்.

அலுவலகத்தில் கேள்விப்பட்டு, அவரே படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, என் லேப்டாப் மேல் வைத்தார். சென்னை என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஜூனுக்குள்ள வந்துடப் போற. ஆனா ஒண்ணுடி, அங்க எவனையாவது கட்டிக்கினு ஒக்காந்துட்டன்னு வெச்சிக்க, பீரோவ தூக்கிக்கினு அங்கயே வந்து எறங்குவேன்."

மறுநாள் அசல் கைக்கு வந்தது. டிசம்பரில் போய்ச் சேர்ந்தேன்.

ஐந்தாவது மாதம், ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி, முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, மூன்று ஆண்டு, நீயே இருந்துவிடேன் என்றார். யோசிக்க நான்கு நாள் கொடுத்தார்.

இருப்பதற்குப் பதினொரு காரணங்கள் எழுதினேன். திரும்புவதற்கு ஒன்று. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு முறை எழுதி, அனுப்பாமல் அழித்தேன். கேட்டால் இரு என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு, இன்னும் மூன்று வருடம் அதே மேசையில் உட்கார்ந்திருப்பார்.

நான்காம் நாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போய், முடியாது என்றேன். காரணம் கேட்டார். ஊரில் எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அவர் எழுந்து கை கொடுத்து வாழ்த்தினார்.