ஈறின் நிறம்

முத்துராஜ் அங்கிளின் கட்டைவிரலுக்கு ஒரு சுவை இருந்தது. ஆற்றுக் குளிர், மீனின் வழுவழுப்பு, தூண்டில் முள்ளின் துரு, சற்று முன் அவர் சாப்பிட்ட புளியோதரையின் நல்லெண்ணெய் எல்லாம் கலந்த அந்தச் சுவை என் மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே நான்கைந்து நொடிகள்தான் தங்கியது. அப்போது எனக்குப் பதினொரு வயது, இப்போது நாற்பத்தொன்று.

ஃப்ரீமாண்ட் நகரில் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் எங்கள் குடும்பமும் அவர்கள் குடும்பமும் குடியிருந்தோம். அக்டோபரில் கடலிலிருந்து சால்மன்கள் ஆறேறும் வாரங்களில், இரண்டு குடும்பமும் இரண்டு கார்களில் ஆறு மணி நேரம் வடக்கே போய், ஆற்றங்கரையில் ஒரு மலிவான மோட்டலில் தங்குவது வழக்கம். சென்னைக்காரரான என் அப்பாவுக்கு மீன் என்றால் தட்டில் இருப்பது மட்டும்தான். ஆகவே மீன் விஷயத்தில் தூத்துக்குடிக்காரரான அங்கிள் வைத்ததே சட்டம். ஆனால் ஆற்றங்கரைப் பலகையில் வேறு சட்டம் எழுதியிருந்தது. கிங் சால்மனைப் பிடித்துக்கொள்ளலாம். கோஹோ சால்மனை எடுக்கவே கூடாது. ஸ்டீல்ஹெட் என்கிற டிரவுட்டை, பண்ணையில் வளர்த்ததற்கு அடையாளமாக வெட்டிவிடும் முதுகின் கடைசிச் சின்னத் துடுப்பு வெட்டப்படாமல் இருந்தால், தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தொல்லை என்னவென்றால், கடலிலிருந்து புதிதாக வந்திருக்கும்போது இந்த மூன்றும் துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரங்களைப் போல ஒன்றாகவே மின்னும்.

நான் சிறுவயதிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவள். அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் தமிழில்தான் எழுதினேன். மீன் இலாகாவின் சிறு புத்தகத்தைப் படித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று மீன்களுக்கும் ஓர் அட்டவணை தயாரித்திருந்தேன். அடிவயிற்றின் கடைசித் துடுப்பில் வரிகள் பன்னிரண்டுக்குள் இருந்தால் டிரவுட், அதற்கு மேல் சால்மன்; வால் முழுக்கப் புள்ளி இருந்தால் கிங், மேல்பாதியில் மட்டும் இருந்தால் கோஹோ; இவையும் ஏமாற்றினால் வாயைத் திறந்து பல்லடியைப் பார்க்க வேண்டும், ஈறு கறுப்பானால் கிங், வெளுப்பானால் கோஹோ.

அங்கிள் இதையெல்லாம் மதிக்கவில்லை. எந்த மீன் மாட்டினாலும், மார்க்கெட்டில் வாங்குகிறவரைப் போல முதலில் செவுளைத்தான் தூக்கிப் பார்ப்பார். "செக்கச் செவேல்னு இருக்கு பாத்தியளா? இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?" என்பார். விட வேண்டிய மீனைக்கூட அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு விடுவார். அது பத்தடி நீந்திவிட்டு வயிறு தெரிய மிதந்து போகும். "செவுள தொட்டா செத்துடும்னு புக்ல போட்டிருக்கு அங்கிள்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"தூத்துக்குடிக்காரனுக்கு மீன் பாடம் எடுக்க வந்துட்டா பாருங்க, காரப்பொடி!" என்றார்.

காரப்பொடி என்பது முள்ளைத் தவிர வேறொன்றுமில்லாத மலிவு மீன். அன்றிலிருந்து அவருடைய மகன்கள் இருவருக்கும் என் பெயர் அதுதான்.

அந்த வருடத்தின் இரண்டாம் பயணத்தில்தான் கட்டைவிரல் வந்தது. அப்பாவின் தூண்டிலில் எப்படியோ மாட்டிய மீன் ஒன்றின் வாயைத் திறந்து, கிங்கின் ஈறு எப்படி இருக்கும் என்று நான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, இங்க வா" என்று அங்கிள் என் கன்னங்களை ஒரு கையால் பிடித்து, மறு கையின் கட்டைவிரலால் என் மேலுதட்டைத் தூக்கினார். "எல்லாரும் பாருங்க, ஈறு கறுப்பு! கிங்கு சால்மன்! இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம், ரூல்ஸ் ஒத்துக்கும்!"

மகன்கள் "கிங்! கிங்!" என்று கூழாங்கற்களின் மேல் குதித்தார்கள். அப்பா சிரித்தார். அம்மா ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "விளையாட்டுக்குத்தானே சொல்றாங்க, மூஞ்சிய தூக்கி வச்சுக்காத" என்றார். மோட்டல் குளியலறைக் கண்ணாடியில் நானே உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

அடுத்த வியாழக்கிழமை கஸ்தூரி ஆன்ட்டி, அங்கிளின் மனைவி, எங்கள் சமையலறையில் நின்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் கல்லூரியில் கணக்கு நடத்தியவர். கிரீன் கார்டு வந்தால்தான் இங்கே வேலைக்குப் போக முடியும். "திங்கக்கெழம லாயர் அப்ளிகேஷன அனுப்பிருவாருக்கா. கேஸ், அபராத டிக்கெட் எதும் உண்டான்னு ஒரு கேள்வி இருக்கு. எங்களுக்கு எல்லாத்துக்கும் 'நோ'தான்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. நான் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

சனிக்கிழமை மதியம் அங்கிளுக்கு ஒரு பெரிய மீன் மாட்டியது. "விட்டுடுங்க முத்து, இந்த வாரம் எதுக்கு ரிஸ்க்?" என்றார் அப்பா. அங்கிளும் தயங்கினார். மீனை ஆழமில்லாத தண்ணீரில் பிடித்தபடி, "இருங்க சார். நோட்டுக்காரி எங்க? ஏ புள்ள, வந்து பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரி" என்றார்.

முதல் தடவையாக என்னைக் கேட்டார்.

மண்டியிட்டேன். கையை நனைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். ஈறு தேங்காய்ப் பத்தையைப் போல வெள்ளையாக இருந்தது. வாலைப் பார்த்தேன், மேல்பாதியில் மட்டும் புள்ளி. துடுப்பின் வரிகளை எண்ணினேன், பதினான்கு.

"கிங்" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"ஈறு கறுப்பு, அங்கிள்."

அவர் குனிந்து சரிபார்க்கவில்லை. கட்டையால் தலையில் மூன்று அடி அடித்தார். மீனின் உடல் ஒரு தடவை விறைத்து நடுங்கிவிட்டு ஓய்ந்தது.

கார்கள் நிற்கும் இடத்தில் மீன் இலாகா வார்டன் ஒருவர் எல்லோருடைய ஐஸ் பெட்டியையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டியில் இருந்த மீனின் வாயை விரலால் விலக்கியதும் "கோஹோ" என்றார். எது என்ன மீன் என்று பார்த்தது யார் என்று கேட்டார். அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீ, சார். மை மிஸ்டேக்" என்றார். வார்டன் நீட்டிய டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார். கஸ்தூரி ஆன்ட்டி "திங்கக்கெழம..." என்று தொடங்கி, முடிக்காமல் காரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வார்டன் போனபின் அப்பா சொன்னார்: "குழந்தைதானே முத்து. அவளுக்கு வித்தியாசம் தெரியல. மனசுல வச்சுக்காதீங்க."

"சேச்சே, புள்ள என்ன செய்யும்? நானே ஊர்ல எத்தன தடவ மீனு மாத்திச் சொல்லியிருக்கேன்" என்று அங்கிள் என் தலையில் கை வைத்தார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் 'தெரியல' என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தெரியும். வாயத் தொறந்ததுமே தெரியும். ஈறு வெள்ளை, வரி பதினாலு, கோஹோ" என்றேன். மன்னிப்புக் கேட்பதற்காகச் சொன்னதல்ல. மதிப்பெண் கேட்டுச் சொன்னது.

அம்மா அறைந்தார். அங்கிள் என் தலையிலிருந்து கையை எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப மீனு தெரிஞ்சுதான் இருக்கு ஒனக்கு" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை.

கோர்ட்டிலிருந்து முடிவுக் காகிதம் வரும்வரை வக்கீல் மனுவை நிறுத்திவைத்தார். அது வர பதினொரு வாரம் ஆயிற்று. ஒன்பதாவது வாரத்தில் அங்கிளின் கம்பெனி அவருடைய பிரிவையே மூடிவிட்டது. வேலை போனதும் விசா போயிற்று. வீட்டுச் சாமான்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். மனு முன்பே போயிருந்தால் தப்பித்திருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. வக்கீலும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் எழுதிய குறிப்பு மட்டும் இருக்கிறது: "கோஹோ 1. இனி யாரும் எனக்கு மீன் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்."

கஸ்தூரி ஆன்ட்டி ஊரிலும் மறுபடி வேலைக்குப் போகவில்லை என்று அம்மா ஒரு முறை சொன்னார். அந்த அபார்ட்மென்ட் வளாகம் இடிக்கப்பட்டு அலுவலகங்கள் வந்துவிட்டன. சென்ற இலையுதிர் காலத்தில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். மோட்டல் இல்லை. தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை. இவ்வாண்டு எந்த சால்மனையும் பிடிக்கக் கூடாது என்று ஒரே வரி எழுதிய புதிய பலகை நின்றது. எது எந்த மீன் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

இந்த நாட்டில் கிரீன் கார்டோடு இத்தனை ஆண்டுகள் கடத்தியபின், சென்ற மாதம்தான் குடியுரிமைக்கு மனு நிரப்பினேன். எப்போதேனும் ஒரு குற்றம் செய்து, அதற்காகக் கைது செய்யப்படாமல் இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி அதில் இருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு, 'இல்லை' என்று குறித்து, மறுநாள் காலை அனுப்பிவைத்தேன்.