பெரிய பந்தைப் பார்த்தவர்

பாகூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியலில் மோதல் பாடம் நடத்தி நான் தோற்றுப்போன வாரம் அது. பெரிய பந்தின் மேல் சின்னப் பந்தை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கீழே விட்டேன். சின்னது கூரை வரை எகிறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏன் எகிறியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு வில்லியனூர் தேரடியில் பந்து விற்கும் ஒரு அம்மாவைப் பார்த்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். எந்தப் பந்தையும் ஒரு முறை தரையில் போட்டு, எழும்புவதைப் பார்த்த பிறகுதான் விற்பார்.

பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லி, அவரிடம் வாங்கிய பந்துகளையே ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கீழே விட்டுக் காட்டினேன். சின்னது தலைக்கு மேல் பறந்தது. அவர் நிமிரவே இல்லை.

"இன்னா டீச்சர், எல்லாரும் சின்னதயே பாக்கறீங்க? பெருசப் பாருங்க. தன் வேகத்த அதுக்குக் குடுத்துட்டுக் கீழயே உக்காந்துடுச்சி."

பத்து வருடமாக நடத்துகிறேன். பெரிய பந்தை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"சின்னது பின்னால புள்ளைங்க ஓடிடும். கெடக்கற பெருச நான்தானே எடுத்து வெக்கணும்!" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை, பெரிய பந்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். "மிஸ், அதோட வேகந்தான் மேல போயிடுச்சி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அதைச் சொல்லத் தேரடிக்கு மூன்று முறை போய்விட்டேன். அவரைக் காணவில்லை. இந்தப் பாடத்தை யாரிடம் கற்றீர்கள் என்று யாராவது கேட்டால், சொல்ல எனக்கு ஒரு பெயர்கூட இல்லை.