எந்த ஊர்ப் பழம்

பத்து வயதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஒரு நாவல் பழத்தை வாயில் போட்டால் போதும், அது எந்த ஊர் மரத்தில் காய்த்தது என்று சொல்லிவிடுவேன். படிப்பு சுமார், பாட்டு வராது, ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசி. ஆண்டவன் எனக்கென்று கொடுத்தது இந்த நாக்கு ஒன்றுதான். அதை வைத்துத்தான் ஒரு நாள் மாமாவின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். ஆனி பிறந்தால் முசரவாக்கம் ஏரிக்கரையில் நாலைந்து நாவல் மரங்களைக் குத்தகைக்குப் பிடித்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் வைத்து விற்பார். ஆனால் வீட்டுக்குள் ஒரு பழம்கூட வரக் கூடாது. அப்பா பட்டு நெய்கிறவர். தறியில் கல்யாணப் புடவை ஏறியிருக்கும்போது நாவல் சாறு ஒரு சொட்டுத் தெறித்தால் அந்தப் புடவையை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் பள்ளி விட்டதும் நேராக வண்டிக்குப் போய், அங்கேயே தின்று, குழாயில் கை கழுவிக்கொண்டு வருவேன். வாசலில் அம்மா என் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். நாக்கு ஊதாவாக இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நாக்கால் யாரும் தறியைத் தொடப்போவதில்லையே.

அந்த வருடம் மரங்கள் பூத்திருந்த சித்திரையில் காற்றோடு மழை அடித்துப் பூவெல்லாம் கொட்டிவிட்டது. ஏரிக்கரையில் ஒரே ஒரு மரம்தான் பேருக்குக் காய்த்தது. மாமா வேறு வழியில்லாமல் வெளியூர்ப் பழத்தை வாங்கினார். ஆந்திராவில் நகரிப் பக்கத்திலிருந்து தினமும் காலையில் கூடை வரும். பழம் நீளமாக, பளபளவென்று, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். வாயில் போட்டால் வெறும் தண்ணீர். தெற்கே நத்தத்திலிருந்தும் பழம் வரும்; லாரியில் வெகுதூரம் வந்த களைப்பில் அதன் தோல் சுருங்கியிருக்கும், ஆனால் நல்ல இனிப்பு. எங்கள் முசரவாக்கம் பழம் பாதிக்கு மேல் கொட்டை. முதலில் நாக்கை இழுத்துப் பிடிக்கும், பிறகுதான் இனிக்கும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த இழுப்பு இல்லையென்றால் அது நாவல் பழமே இல்லை. எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஊர்ப் பழமா?" என்பதுதான். மாமா அந்த வருடம் எல்லாக் கூடைக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "முசரவாக்கம்தாங்க."

வண்டிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே வேலை செய்த அக்கா சாயங்காலம் தவறாமல் வருவார். கடைக்குள் கொண்டுபோனால் காகிதத்தில் கறை படும் என்று முதலாளி கத்துவாராம். அதனால் பொட்டலத்தைப் பிரித்து, வண்டியோரம் நின்று, ஒவ்வொன்றாக நிதானமாகத் தின்றுவிட்டுப் போவார். அவர் வருகிற நேரத்துக்கு மாமா பழங்களுக்குத் தண்ணீர் தெளித்து, தன் தலைக்கும் கொஞ்சம் தெளித்து வாரிக்கொள்வார். வெயில் அதிகம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு நாள் நல்ல கூட்டம். அக்காவும் நின்றிருந்தார்.

"இது எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"முசரவாக்கம்தாங்க."

என் வாயில் அப்போது அதே கூடைப் பழம் இருந்தது. என் திறமைக்கு நேர்ந்த அவமானமாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

"இல்ல மாமா, இது நகரி. முசரவாக்கம்னா நாக்க இழுக்குமே" என்றேன், பேருந்து நிலையத்துக்கே கேட்கும்படி.

ஒரு பெரியவர் கையிலெடுத்த பழங்களைத் திரும்பக் கூடையில் போட்டார். இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள். அக்கா மாமாவை ஒரு முறை பார்த்தார். "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு நின்று தின்னாமலே போய்விட்டார். மாமா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்மா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் வண்டியில் மூன்று அட்டைகள் நின்றன: நகரி, நத்தம், முசரவாக்கம். முசரவாக்கம் கூடையில் இரண்டு கைப்பிடிப் பழம். விடியற்காலையில் போய் அந்த ஒற்றை மரத்தில் பொறுக்கியது. அதை விற்காமல் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஜனங்கள் அட்டையைப் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே நகரிப் பழத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. ஆனால் அக்கா மூன்று நாளாக வரவில்லை. மாமா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

நாலாம் நாள் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். அக்காவுக்குக் காய்ச்சலாம். திருப்பருத்திக்குன்றத்தில் பழைய கோயிலுக்குப் பின்னால் வீடு. ஓடிவந்து மாமாவிடம் சொன்னதும் அவர் அன்றைய முசரவாக்கம் பழம் முழுவதையும் மந்தாரை இலையில் கட்டினார்.

"காய்ச்ச வாய்க்கு நல்லா இருக்கும். குடுத்துட்டு வந்துடு. வேற எதுவும் பேசாத" என்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பின்பக்கம் அக்காவின் அம்மா துடைப்பத்தோடு முனகிக்கொண்டிருந்தார். "ரோதனடா சாமி, மிதிச்சா கறை, வாரி மாளல."

நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் சுவர் காற்றை மறைத்த இடத்தில், ஓட்டுக்கு மேலே கவிந்துகொண்டு, கொத்துக் கொத்தாகக் காய்த்து ஒரு நாவல் மரம் நின்றது. தரையெல்லாம் ஊதா. ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டேன். இழுத்தது; பிறகு இனித்தது.

அக்கா போர்வையோடு வெளியே வந்து, இலையைப் பிரித்து, ஒரு பழத்தைத் தின்றார்.

"இது மெய்யாலுமே முசரவாக்கம்" என்றார். முகத்தில் காய்ச்சலே தெரியவில்லை. நான் மரத்தைப் பார்ப்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இங்க மரம் இருக்குதுன்னு உங்க மாமாகிட்ட சொல்லாத, இன்னா?"

தலையாட்டினேன். ஆனால் வாய்க்கு இன்னும் பூட்டு வாங்கியிருக்கவில்லையே. வண்டியைப் பார்த்ததுமே கொட்டிவிட்டேன்.

"மாமா, அந்த அக்கா லூசு மாமா. வூட்டாண்டயே அம்மாம் பெரிய மரத்த வச்சிக்கினு, தெனமும் உங்கிட்ட வந்து நகரிப் பழம் வாங்கித் துன்னுது."

மாமாவின் கையில் தராசு அப்படியே நின்றது. எடைக்குக் காத்திருந்தவர் கூப்பிட்டுப் பார்த்தார். மாமா கவனிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அடுத்த தையில் அந்த அக்கா எனக்கு அத்தையாகி, அந்த மரத்துப் பழம் வருடா வருடம் எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கைகளை நீட்டிக் காட்டியபடி நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மாமாவுக்குக் காது சரியா கேக்கலம்மா, டாக்டர்கிட்ட காட்டணும்."