நான்காம் நாள் காலை

என் அக்கா நாடீன் முப்பத்தொரு வருடம் துப்பாக்கி விற்றாள். இதைச் சொன்னால் பெரிய நகரத்து ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். எங்கள் டோலன் ஊரில் மாட்டுத்தீவனமும் வேலிக்கம்பியும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கெஸ்லர் கடையின் பின்சுவரில்தான் துப்பாக்கிகள் இருந்தன. அக்கா ஒன்பது வயதில் முதல் மானைச் சுட்டவள். குடலை எடுத்துச் சுத்தம் செய்ததும் அவளேதான். பக்கத்தில் நின்று வாந்தி எடுத்தது நான்.

அவளுடைய முதல் புருஷன் ராட்னி ஒருநாள் குடித்துவிட்டு வந்து அவள் தலையை ஃப்ரிட்ஜ் கதவில் மோதினான். மறுநாள் அவன் எழுந்து வாசலுக்கு வந்தபோது வண்டியின் நான்கு சக்கரமும் காற்றுப்போய்க் கிடந்தன. சக்கரத்துக்கு ஒரு குண்டு. அக்கா படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சாவது குண்டு இன்னும் உள்ளதான் இருக்கு, ராட்னி" என்றாள். அவன் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தே போனான். பிறகு இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த அக்காவின் தம்பி நான். பெயர் வெர்லின். சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வெட்டுபவன். அக்காவின் கோபம் எனக்கும் உண்டு, அவளுடைய நிதானம் இல்லை. என் மனைவி ரொபர்ட்டா என்னை விட்டுப் போனதற்கு அதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ஊர் சொன்னது சரிதான்.

ஆளைப் பார்த்தாலே தனக்குத் தெரிந்துவிடும் என்று அக்காவுக்கு ஒரு கர்வம். குடித்துவிட்டு வந்தவனையும், கண் சிவந்து வந்தவனையும் கவுண்டரில் இருந்தே விரட்டுவாள். "மொதல்ல பொண்டாட்டிகூட ராசியாயிட்டு வா, அப்புறம் மானைச் சுடலாம்" என்பாள். வாங்க வந்தவன் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிப் போவான்.

ஆனால் கடைசி வார்த்தை அவளுடையது இல்லை. யார் துப்பாக்கி கேட்டாலும் மத்திய அரசின் விசாரணை எண்ணுக்குப் பெயரைச் சொல்ல வேண்டும். கொடு, கொடுக்காதே, பொறு என்று மூன்றில் ஒரு பதில் வரும். 'பொறு' வந்தால் மூன்று வேலைநாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் நான்காம் நாள் கடைக்காரர் விருப்பப்பட்டால் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. எங்கள் ஊரில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. பதில் வராததே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை டாரின் வந்தான். மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்து நின்றுவிட்டவன், இருபத்தாறு வயது. சுவரில் இருந்த கறுப்பு ரைஃபிளைக் கேட்டான். இந்த ஊரில் எவனும் துப்பாக்கியைக் கையில் வாங்கினால் எடை பார்ப்பான், குழலுக்குள் எட்டிப்பார்ப்பான், எந்த மான்வேட்டைப் பருவத்துக்கு என்று கதை பேசுவான். இவன் ஒன்றும் செய்யவில்லை. "ஒரு தடவைல எத்தன குண்டு போகும்?" என்று மட்டும் கேட்டான். பதில் 'பொறு' என்று வந்தது. வெள்ளி, திங்கள், செவ்வாய் போயிற்று. புதன்கிழமை கடை திறக்கும்போது அவன் வாசலில் நின்றான்.

அக்கா முதலாளி ஆர்லோ கெஸ்லரைப் பார்த்தாள்.

"எனக்கு இவன் முகமே பிடிக்கல முதலாளி."

"முகத்தப் பாத்தா விக்கிறோம்? மூணு நாள் ஆச்சுல்ல? குடுத்து அனுப்பு நாடீன்."

கொடுத்தாள். ரைஃபிள் வாங்குகிறவர்களுக்குக் கடைப்பெயர் போட்ட ஆரஞ்சு நிற வேட்டைத்தொப்பி ஒன்று இலவசம். அதையும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்கால் மணிக்கு நான் பன்றி விலா வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் யாரோ மரப்பலகைகளைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் திட்ட வாயைத் திறந்தேன். மூன்றாவது கல்லாவில் பணம் வாங்கும் ஜனெல் கையில் முட்டைப் பெட்டியோடு நின்றிருந்தாள். டாரினோடு வாழ்ந்து, அடி தாங்காமல் ஓடிவந்த பெண். அவன் அவளை முகத்திலேயே சுட்டான். பிறகு அவள் வரிசையில் நின்றவர்களைச் சுட்டான், ஒருவர் விடாமல். கிழவர் மைலோ ஐம்பது வருடமாக இடுப்பில் கைத்துப்பாக்கியோடு திரிந்தவர், ஒருநாள் தேவைப்படும் என்பார். அந்த நாள் வந்தது. துப்பாக்கி சட்டைக்குள் சிக்கியது. அது வெளியே வருவதற்குள் கழுத்தில் குண்டு வாங்கிச் சோள டப்பா அடுக்கின் மேல் சாய்ந்தார்.

அப்போதுதான் தொப்பியைப் பார்த்தேன். ஆரஞ்சுத் துணியில் கெஸ்லர் என்ற எழுத்து, அதன்மேல் ரத்தம் தெறித்திருந்தது.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களை இழுத்துக் குளிர் அறைக்குள் தள்ளி, நானும் நுழைந்து, உள்ளிருந்து கதவின் கைப்பிடியில் இறைச்சிக் கொக்கியை மாட்டினேன். குண்டுகள் கதவைத் துளைத்து, தொங்கிய மாட்டுத் தொடைகளில் பாய்ந்தன. அப்போது கதவை யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள்.

"வெர்லின்! நான்தான், பெகி! கதவத் திற, வெர்லின்!"

ரொட்டிப் பிரிவில் வேலை செய்யும் பெகி. பதினான்கு வருடமாகக் காலையில் எனக்கு முதல் காபி ஊற்றித் தருகிறவள். நான் திறக்கவில்லை. கொக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் என் பெயரை நான்கு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை. போலீஸ் வந்து கதவைத் திறக்கச் சொன்னபோது கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவள் அதன்மேல் கிடந்தாள். செத்தது மொத்தம் ஏழு பேர். டாரின் ரொட்டி அலமாரிக்கு முன்னால் தன்னையே சுட்டுக்கொண்டு கிடந்தான்.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. "அக்கா, ஆரஞ்சுத் தொப்பி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு மணிக்குக் கெஸ்லர் கடைத் தொலைபேசி அடித்தது, அக்கா எடுத்தாள். விசாரணை எண்ணிலிருந்து ஒரு பெண்.

"போன வியாழக்கிழமை கேட்டிருந்தீங்களே, அந்த ஆளுக்குக் குடுக்காதீங்க. பக்கத்து மாவட்டத்துல பொண்ண அடிச்ச கேசு. தண்டனை ஆயிருக்கு. கோர்ட்டுல இருந்து இன்னிக்குத்தான் காகிதம் வந்துச்சு."

"குடுத்தாச்சும்மா."

"மூணு நாள் முடிஞ்சப்புறமா குடுத்தீங்க?"

"முடிஞ்சப்புறம்தான்."

"அப்ப உங்க மேல தப்பு இல்லங்க" என்றாள் அந்தப் பெண், ஆறுதலாக.

திங்கட்கிழமை கெஸ்லர் கடை வாசலில் வரிசை நின்றது. இனிக் கெடுபிடியான சட்டம் வந்துவிடும், அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று பேச்சு. பத்து மணிக்கு மைலோவின் சவ ஊர்தி தெருவில் போனது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். ஊர்தி திரும்பியதும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். இரண்டு நாளில் சுவர் காலியாகிவிட்டது. ஆர்லோ இன்னொரு லாரிச் சரக்குக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு அந்த வரிசை முழுவதையும் உதைக்க வேண்டும்போல இருந்தது.

மார்ச்சில் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. ஒரே வரிதான்: பதில் வரும்வரை கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது. அதற்காகப் பேசப் போகிறேன் என்றாள் அக்கா.

"ஊரு உன்னக் கிழிச்சுத் தொங்கவிட்டுடும்க்கா. நீ குடுத்ததுதான்னு நீயே போய்ச் சொல்லுவியா?"

"பெகி எத்தன தடவ கதவத் தட்டுனான்னு சொன்ன?"

அதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"அந்தக் கதவு வரைக்கும் அவன அனுப்பி வச்சது நான்டா. என்னையத் தடுக்காத."

தலைநகரில் விசாரணைக் கூடம் முழுக்க ஆரஞ்சுத் தொப்பி. மசோதாவை எதிர்க்க வந்தவர்கள். பாதித் தொப்பிகளில் கெஸ்லர் பெயர், அவள் கையாலேயே கொடுத்தவை. பேச ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் சிவப்பு விளக்கு. அக்கா டாரினைப் பற்றிச் சொன்னாள், அவன் குழலுக்குள் எட்டிப்பார்க்காததைச் சொன்னாள், தொலைபேசி வந்த நேரத்தைச் சொன்னாள். குழுவில் ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்.

"சட்டப்படி நீங்க ஒரு தப்பும் பண்ணலையே, அம்மா?"

"அதச் சொல்லத்தான் முந்நூறு மைல் வந்திருக்கேன்."

பின்னாலிருந்து ஒருவன் "துரோகி" என்று கத்தினான். குரலை வைத்தே அக்கா ஆளைக் கண்டுபிடித்துத் திரும்பினாள். "டுவேன், உன் மொதத் துப்பாக்கிய எப்படிப் புடிக்கணும்னு சொல்லிக் குடுத்தவளே நான்தான். வாய மூடு." கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

அந்த வாரம் அவளுடைய தபால்பெட்டியைச் சல்லடையாகச் சுட்டார்கள். செத்த ஓநாய்க்குட்டி ஒன்றை வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அக்கா எல்லோர் காதிலும் விழும்படி, "தோல் நல்லா உரிஞ்சு வந்துச்சு, யாரு குடுத்ததா இருந்தாலும் நன்றி" என்றாள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

ஏப்ரலில் மசோதா குழுவிலேயே செத்தது. ஓட்டுக்குக்கூட விடவில்லை. அதே வாரம் வேறொரு சட்டம் நிறைவேறியது: மூன்று நாள் காத்திருந்து துப்பாக்கி கொடுத்த கடைக்காரர் மீது யாரும் வழக்குப் போட முடியாது. அக்கா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"ஏழு பொணத்துக்கு அப்புறம் ஒரு சட்டம் வந்திருக்கு வெர்லின். என்னையக் காப்பாத்த."

வேலையை விட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் போய்க் கவுண்டருக்கு மேலே ஓர் அட்டையை ஒட்டினாள்: பதில் வராமல் துப்பாக்கி கிடையாது. ஆர்லோ குதித்தார். "எல்லாரும் பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க!" அவள் அசையவில்லை. "போகட்டும். என்னைய நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஏன் நிறுத்துனீங்கன்னு பத்திரிகைக்காரங்க வந்து கேப்பாங்க. நான் சொல்லுவேன்." அட்டை அங்கேயே இருந்தது.

மே மாதம் அந்தக் கவுண்டருக்கு நான் போய் நின்றேன்.

என்னால் இறைச்சி வெட்ட முடியவில்லை. கத்தி பலகையில் படும் ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. வாடிக்கையாளர் யாராவது குனிந்து நிமிர்ந்தால் பலகைக்கு அடியில் பதுங்கினேன். ஆரஞ்சு நிறத்தில் எதைப் பார்த்தாலும் அடிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. வீட்டில் அப்பாவின் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. இடுப்பில் வைக்க ஒரு கைத்துப்பாக்கி கேட்டேன். அக்கா ஒன்றும் கேட்காமல் விசாரணை எண்ணுக்கு என் பெயரைச் சொன்னாள். 'பொறு' என்று வந்தது. மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலை அவள் கடையைத் திறக்கும்போது வாசலில் நின்றேன், கவுண்டர் வரை கூடவே போனேன்.

"பதில் வரலடா."

"வராட்டி என்ன? நாலாவது நாள். எடு."

"அட்டையப் படி."

"அது ஊருக்கு. நான் உன் தம்பி."

"டாரினுக்கும் ஒரு அக்கா இருக்கா. அவன் சாவுக்கு வந்திருந்தா, நீ பாக்கல?"

"அவனையும் என்னையும் ஒண்ணா வெக்கிறியா? அவனுக்குக் குடுத்தியே! தொப்பியோட குடுத்தியே! கூடப் பொறந்தவன்னா மட்டும் கை வரலையா?"

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் வழியை மறித்து நின்றாள். நான் அடித்தேன். அறையவில்லை, முஷ்டியை மடக்கி வாயிலேயே குத்தினேன். அவள் பின்னால் போய்த் தோட்டாப் பெட்டி அடுக்கில் விழுந்தாள். பெட்டிகள் அவள்மேல் சரிந்தன. ஆர்லோ தொலைபேசியை எடுத்தார். அக்கா தரையில் உட்கார்ந்தபடியே, பல்லெல்லாம் ரத்தமாக, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போடா" என்றாள். உதட்டில் இரண்டு தையல் போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் மதியம் அவள் பிக்கப் வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கிப் படி ஏறாமல் நின்றாள். தையல் இன்னும் பிரிக்கவில்லை.

"பதில் வந்துச்சு. குடுக்காதேன்னு."

"என்னவாம்?"

"ரொபர்ட்டா."

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ரொபர்ட்டாவின் கையை நான் முறித்தேன். நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன், சின்னத் தண்டனை, அதோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். அப்படிக் கையெழுத்துப் போட்டவன் ஆயுள் முழுக்கத் துப்பாக்கி தொடக் கூடாது. டாரின் பெயரில் இருந்ததும் அதே காகிதம்தான்.

"அப்பாவோட ரெண்டையும் எடுத்துட்டு வா. நீயா எடுக்குறியா, நான் உள்ள வரவா?"

நானே எடுத்துவந்தேன். குண்டுப் பெட்டியையும் கேட்டாள், அதையும் கொண்டுவந்து வைத்தேன். அவள் எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகும்போது எனக்குத் தாங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அன்னிக்கு நீ குடுத்திருந்தாலும் நான் யாரையும் சுட்டிருக்க மாட்டேன். உனக்குத் தெரியும்ல?"

ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள், என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியாதுடா" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.