செருப்புக் கடை அப்ரோஸ் பேகமும் என் வலது காலும்

என் வலது கால் இன்றைக்கும் என்னோடு இருக்கிறதென்றால் அதற்கு அருப்புக்கோட்டையில் செருப்புக் கடை வைத்திருக்கும் அப்ரோஸ் பேகம்தான் காரணம். முதல்நாள் அவளை நான் பேசிய பேச்சுக்கு வேறொருத்தியாக இருந்தால் என் பழைய செருப்பாலேயே என்னை விரட்டியிருப்பாள்.

நான் மாயக்காள். எம்.ரெட்டியபட்டி. புருசன் கருத்தப்பாண்டி போய்ப் பதினோரு வருசம் ஆகிறது. பருத்திக் காட்டில் களை வெட்டுவேன். காட்டில் வேலையில்லாத மாசங்களில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போவேன். போன சித்திரையில் செருப்பு வார் அறுந்துபோய் அவள் கடைக்குப் போனேன்.

மற்ற கடைக்காரர்கள் நம்பர் கேட்பார்கள். இவள் கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு காலையும் தூக்கி இதுல வைங்க பெரியம்மா."

"செருப்பக் காட்டுறியா, காலப் பாக்குறியா?"

"காலப் பாக்காம எப்படிச் செருப்பு குடுக்க?"

அது அவள் வழக்கம். யார் வந்தாலும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிட்டுத்தான் செருப்பை எடுப்பாள். குதிகாலில் வெடிப்பு இருந்தால், ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிசம் காலை ஊறவைத்து, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிக் காலுறை போட்டுப் படுக்கச் சொல்வாள். கால் ஆணி இருந்தால், பிளேடு போட்டுச் சீவாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்துவாள். வட்ட வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரை; மருந்துக் கடையில் கேட்டுக் கண்ட களிம்பையும் பூசினால் அப்போதைக்கு அடங்கி அப்புறம் அதிகமாகப் படரும் என்பாள். டாக்டரம்மா என்று யாராவது கேலி செய்தால், "எனக்குப் பாக்க மட்டுந்தான் தெரியும், வைத்தியம் பாக்குறவுக அங்கன இருக்காக" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டுவாள்.

என் விரல்களை விரித்துப் பார்த்தாள். "வெள்ளையா ஊறிப் போயிருக்கு. சேத்துப்புண்ணு."

"எங்க ஊருல குடிக்கவே தண்ணி கெடையாது. நான் எந்தச் சேத்துல போய் நின்னேன்?"

"காலக் கழுவிட்டு இடுக்கத் தொடைக்காம அப்படியே செருப்புல நுழைச்சா அந்த ஈரம் போதும். தொடைச்சிட்டு ஆஸ்பத்திரியில குடுக்குற மருந்தப் போடுங்க."

பிறகு என் பழைய செருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கருவேல முள் ஒன்று அடியில் ஏறி மேலே எட்டிப் பார்த்தது. நுனியில் ரத்தமும் சீழும். என் உள்ளங்காலில் அதே இடத்தில் கறுப்பாக ஒரு துளை.

"எப்பக் குத்துச்சு பெரியம்மா?"

"எது?"

அவள் முகம் மாறிவிட்டது. "கண்ண மூடுங்க. இப்ப எந்த வெரலத் தொடுறேன்?"

"தொடவே இல்லையே."

பக்கத்தில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தன் சிரித்துவிட்டான். மூன்று தடவை தொட்டாளாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ, என்னைய வச்சு வேடிக்க காட்டுறியா? கரிமூட்டத்துல காஞ்ச காலுடி இது. வலி தெரியாது. செருப்பு விக்கிறவ செருப்ப வித்துட்டுப் போவியா!"

அவள் தண்ணீர் எடுத்து வந்தாள். புண்ணைக் கழுவித் துணி கட்டினாள். மெத்தென்று முன்பக்கம் மூடிய செருப்பு ஒன்றை மாட்டிவிட்டாள். "வலி தெரியலேங்குறது தெம்பு இல்ல பெரியம்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரியில போய் சுகர் பாருங்க. சூடு மட்டும் வச்சிராதீக" என்றாள்.

நான் நேராக ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கொஞ்ச நாளாகவே பஞ்சு மேல் நடப்பதுபோல் கால் கனத்துக் கிடந்தது. அதற்கு எங்கள் பக்கம் ஒரு கைவைத்தியம் உண்டு. செங்கலை அடுப்பில் சுடவைத்து, மேலே எருக்கிலையைப் பரப்பி, அதில் குதிகாலை அழுத்த வேண்டும். பொறுக்கிற மட்டும் வை என்பார்கள். என் கால்தான் எதையும் பொறுக்குமே! அன்று சாயங்காலம் கட்டுத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, செங்கல் மேல் காலை வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து மருமகள் ரேணுகாதேவி ஓடி வந்தாள்.

"அத்தே, என்னத்தத் தீய்க்கிறீக? கறி சுட்ட வாசன வருது!"

காலைத் தூக்கினேன். இலையோடு தோலும் வந்துவிட்டது. அப்போதும் வலிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்தப் பயத்தில்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று மூன்று நாள் மூடி மறைத்தேன். கால் வீங்கி, முழங்காலுக்குக் கீழே பாதி தூரம் சிவப்பு ஏறியது. நாற்றம் எனக்கே தாங்கவில்லை. ரேணுகா என்னை ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வர மாட்டீகன்னா அந்தச் செருப்புக் கட பாய் வீட்டம்மாகிட்டயாச்சும் வாங்க. அவுக சொன்னாக் கேட்டுத் தொலைங்க!"

அப்ரோஸ் காலைப் பார்த்தாள். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் ஒன்றைக்கூட அவள் திருப்பிச் சொல்லவில்லை. கடை ஷட்டரை இழுத்து விட்டாள். "எறங்க வேணாம், அப்படியே இருங்க" என்று அதே ஆட்டோவில் தானும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சுகர் நானூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் சின்னப் பையன். கெட்டுப்போன தோலையெல்லாம் வெட்டி எடுத்தார். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"ஊசி போடுறோம். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டாம இருக்கணும். தாண்டுனா ஆபரேஷன்தான். எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும்னு இப்பச் சொல்ல முடியாது."

கால் இல்லாமல் மருமகள் கையை எதிர்பார்த்து மூலையில் கிடப்பதா? அதற்குக் கருத்தப்பாண்டி போன வழியே மேல் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் தன் மாமியாரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு அப்ரோஸ் வந்தாள். கஞ்சி கொண்டு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கும் முன்னால் போர்வையை விலக்கிக் கோட்டைப் பார்த்தாள். சிவப்பு கோட்டிலேயே நின்றது.

"உனக்கு எதுக்குடி இந்தப் பாடு? நான் உனக்கு யாரு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். அவள் பிறந்தது மல்லாங்கிணறு. அவள் அத்தா, அதாவது அப்பா, அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். கால் ஆணியைப் பிளேடால் சீவியிருக்கிறார். அவருக்கும் சுகர் இருந்தது, அவருக்கும் வலி தெரியவில்லை. முதலில் விரல் போனது, பிறகு பாதம். ரெண்டு வருசம் அவருக்குக் கட்டுக் கட்டியது அப்போது பத்தொன்பது வயதுப் பெண்ணாயிருந்த இவள்தான். அவர் மவுத்தாகி அடக்கம் பண்ணிய பிறகுதான் இவளுக்குக் கல்யாணம். புருசன் சபீர் வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கடை போட்டிருக்கிறாள்.

"வளையல் கட வைன்னுதான் மாமியா சொன்னாக. எனக்கு ஆளப் பாத்தா மொதல்ல காலுதான் தெரியுது. என்ன செய்ய?" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவள் விடியக் காலையிலேயே வந்துவிட்டாள், கடை திறக்கும் முன்னால். போர்வையை விலக்கினாள். குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாண்டிருச்சா? சொல்லித் தொலை!"

அவள் கோட்டுக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். அவள் விரல் அகலத்துக்குச் சிவப்பு இறங்கியிருந்தது.

"எறங்கிருச்சு பெரியம்மா. எங்க அத்தாக்கு எறங்கவே இல்ல" என்று சொன்னவள், என் காலைப் பிடித்துக்கொண்டு பொங்கி அழுதாள். நானும் அழுதேன். ரேணுகா எங்கள் ரெண்டு பேரையும் பார்த்து, "நல்லது நடந்தாலும் ஒப்பாரிதானா?" என்று திட்டிக்கொண்டே முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புண் ஆற மூன்று மாசம் பிடித்தது. ஒரு விரல்கூடப் போகவில்லை. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கரிமூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். சுகர் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. ராத்திரி படுக்கும் முன்னால் ரேணுகா என் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்ப்பாள். அவளோடு நான் சண்டை போடாத ஒரே நேரம் அதுதான்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அப்ரோஸ் கடைக்கு யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனேன். நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தேன். நல்ல வார்த்தை பேசிப் பழக்கமில்லாத வாய். கடைசியில், "அன்னைக்குப் பேசுன வாயில ஒண்ணு போடு" என்றேன்.

"போடலாம். பல்லு கொட்டிருச்சின்னா நான் ஆட்டோ புடிச்சு அதுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்றாள் அவள்.

அவள் கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.